‘யாரைப் பார்க்க வந்தீர்கள்?’ என்று யாரிடம் கேட்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோ-வொர்க்கிங் இடங்கள், அதாவது சந்தா கட்டிப் பலரும் பகிர்ந்துகொள்ளும் அலுவலக இடங்கள், பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அங்கெல்லாம் இனம், நிறம் என்ற பேச்சே கிடையாது, சந்தா கட்டினால் யார் வேண்டுமானாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். கூடவே, பல நிறத்து மனிதர்கள் ஒரே மேசையைச் சுற்றி லேப்டாப்போடு சிரித்துக்கொண்டிருக்கும் படம் வேறு. அதே மாதிரிப் படம் நான் வேலை பார்க்கும் இடத்தின் இணையதளத்திலும் இருக்கிறது. அதில் சிரிப்பவர்களில் ஒருவர்கூட எங்கள் மெம்பர் இல்லை. படம் விற்கும் தளத்திலிருந்து காசு கொடுத்து வாங்கியது.

வெளிநாட்டில், வெள்ளையர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு நகரத்தில், அப்படி ஓர் இடத்தின் ரிசப்ஷனில் உட்காருபவள் நான். பதவிப் பெயர் ‘கம்யூனிட்டி அசோசியேட்’. பெயருக்குக் குறைச்சல் இல்லை. செய்வது என்னவோ கதவைத் திறப்பது, பார்சல் வாங்கி வைப்பது, பிரின்டரில் சிக்கிய தாளை இழுப்பது, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான். வேலை போய்விடக் கூடாது என்பதால் ஊர்ப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன்.

பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது உண்மைதான். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. பணம் கட்டிய பிறகும் தினமும் அதே கதவு வழியாகத்தான் வர வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் யாரும் பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தில் எழுதி வைத்திருக்கும் விதி எளிமையானது. மெம்பர் என்றால் அட்டையைக் காட்டித் திறக்க வேண்டும். விருந்தினர் என்றால் டேப்லெட்டில் பெயர் பதிய வேண்டும். ஆனால் வேலையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: “எல்லாரையும் நிறுத்திக் கேட்டால் ஹோட்டல் மாதிரி ஆகிவிடும். ஆளைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள்.” எல்லாக் கோளாறும் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. காதில் போனை வைத்துக்கொண்டு கசங்கிய டி-ஷர்ட்டில் ஒரு வெள்ளைக்காரர் வேகமாக வந்தால், முன்னால் போகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் மெம்பரா, வழிதவறி வந்தவரா என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. அதே வேகத்தில் ஒரு கருப்பினத்தவர் வந்தால் கதவு அவர் முகத்துக்கு முன்னால் சாத்திக்கொள்கிறது. இல்லையென்றால் ‘யாரைப் பார்க்க வந்தீர்கள்?’ என்று மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி வருகிறது. பல நேரம் கேட்பது ரிசப்ஷன் ஆள்கூட இல்லை, இன்னொரு மெம்பர்.

எங்கள் இடத்தில் மென்பொருள் எழுதுகிற ஒருவர் இருக்கிறார். நான் சேர்வதற்கு முன்பிருந்தே மெம்பர். லிஃப்டில் அவரிடம், “டெலிவரியா? பின்பக்கக் கதவு” என்று சொன்னவர்கள் உண்டு. அவர் சண்டை போட்டதில்லை. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், உள்ளே டீ எடுக்கப் போகும்போதுகூட. மற்றவர்கள் எல்லாரும் அட்டையைப் பையிலோ பர்ஸிலோ வைத்திருப்பார்கள். எந்த கோ-வொர்க்கிங் இடத்துக்கு நீங்கள் போனாலும் சரி, அட்டை வெளியே தெரியும்படி நடப்பவர்கள் யார் யார் என்று கொஞ்ச நேரம் கவனியுங்கள். நிர்வாகம் நடத்தும் கருத்துக்கணிப்பு சொல்லாததை அது சொல்லிவிடும்.

இதெல்லாம் சின்ன விஷயம், மனதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பார்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்ததும் சின்ன விஷயமாகத்தான் ஆரம்பித்தது. இரண்டு கருப்பின இளைஞர்கள் ஒரு ஸ்டார்பக்ஸ் காபிக் கடையில் தொழில் விஷயமாக ஒருவரைச் சந்திக்கக் காத்திருந்தார்கள். எதுவும் வாங்கவில்லை. வந்து சில நிமிடங்களிலேயே கடை மேலாளர் போலீஸுக்குப் போன் செய்தார். அவர்கள் சந்திக்க வேண்டிய மனிதர் வந்து சேர்ந்தபோது அவர்கள் கைதாகிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அந்த நிறுவனம் அமெரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை ஒரு பிற்பகல் முழுக்க மூடி, ஊழியர்களுக்கு இனச்சார்பு பற்றிப் பயிற்சி கொடுத்தது. அந்த மேலாளரிடம் இருந்த அதிகாரம் எது? ‘ஆளைப் பார்த்து முடிவு செய்துகொள்’ என்பதுதான். எங்கள் லாபியில் ஒவ்வொரு நாளும் யாராவது யாருக்காகவாவது காத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுதான் இந்தத் தொழிலே.

என் யோசனை பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கேட்டால் எல்லாரையும் கேளுங்கள், இல்லையென்றால் யாரையும் கேட்காதீர்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளட்டும், அட்டை இல்லாமல் நிறுவனரே வந்தாலும் டேப்லெட்டில் பெயர் பதியட்டும். மெம்பர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கக் கூடாது, சந்தேகம் என்றால் ரிசப்ஷனில் வந்து சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். ஹோட்டல் மாதிரி ஆகிவிடும் என்கிறார்களே, ஆகட்டுமே. ஹோட்டலில் எல்லாரிடமும்தான் அடையாள அட்டை கேட்கிறார்கள், அதனால் யாருக்கும் முகம் சுருங்குவதில்லை.

பயிற்சி வகுப்பு நடத்தினால் போதும் என்று நினைக்கும் முதலாளிகள் நிறையப் பேர். நானும் உட்கார்ந்திருக்கிறேன், ஸ்லைடுகள் நன்றாகத்தான் இருந்தன. மறுநாள் காலை மேசையில் அதே ‘ஆளைப் பார்த்து முடிவு செய்துகொள்’ காத்திருந்தது.

சரி, கதவுக்கு வருவதற்கு முந்தைய கட்டத்துக்குப் போவோம். இடம் கேட்டு வருகிற மின்னஞ்சல்கள். சிலருக்கு உடனே பதில் போகிறது: “எப்போது வருகிறீர்கள்? நானே சுற்றிக் காட்டுகிறேன்.” சிலருக்கு இணையதள முகவரி மட்டும் போகிறது. பெயரைத் தவிர அந்த மின்னஞ்சல்களில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரிந்ததில்லை. தமிழ்ப் பெயர் கொண்ட பொருளாதார அறிஞர் செந்தில் முல்லைநாதனும் மரியான் பெர்ட்ராண்டும் 2004-ல் வெளியிட்ட ஆய்வை இங்கே சொல்லலாம். பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே தரமான விண்ணப்பங்கள். பாதியில் வெள்ளையர் வைத்துக்கொள்ளும் பெயர், மீதியில் கருப்பினத்தவர் வைத்துக்கொள்ளும் பெயர். வெள்ளையர் பெயர் இருந்தவற்றுக்கு நிறுவனங்களிலிருந்து வந்த அழைப்பு சுமார் 50 சதவீதம் அதிகம். பிறகு ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதே மாதிரி, பயணிகளுக்கு வீடுகளை வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளத்தின் வீட்டுக்காரர்களிடம் செய்து பார்த்தபோது, கருப்பினப் பெயர் கொண்ட விருந்தினர்களுக்குச் சம்மதம் கிடைப்பது சுமார் 16 சதவீதம் குறைவாக இருந்தது. எதிர்ப்பு வலுத்தபின், முன்பதிவை ஏற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்காரர் விருந்தினரின் படத்தைப் பார்க்க முடியும் என்று அந்த நிறுவனம் 2018-ல் மாற்றியது. பெயர் அப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

கோ-வொர்க்கிங் இடத்துக்கு இந்த மாற்றம் இன்னும் சுலபம். சுற்றிப் பார்க்க விரும்புகிறவர் காலியாக இருக்கும் நேரத்தைத் தானே காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும். யாருக்குப் பதில் எழுதுவது, யாரைக் காக்க வைப்பது என்ற வேலையே எங்களுக்கு வேண்டாம். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் வரிசை எண்ணோடு அவர்களுக்கே தெரியட்டும். ‘இப்போது இடம் இல்லை’ என்ற பதில் எத்தனையோ விஷயங்களை மூடி மறைக்கக் கூடியது.

அப்படி மறைக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு, பழைய வழிதான். அமெரிக்காவில் வீட்டு வாடகைப் பாகுபாட்டை எதிர்க்கும் அமைப்புகள் ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி தேவை உள்ள இருவரை, ஒருவர் வெள்ளையர் ஒருவர் கருப்பினத்தவர், ஒரே குடியிருப்புக்கு அனுப்பும். வர்ஜீனியாவில் அப்படிப் போனபோது கருப்பினப் பெண்ணிடம் வீடு காலி இல்லை என்றார்கள், வெள்ளையரிடம் இருக்கிறது என்றார்கள். உண்மையில் வாடகைக்கு வரும் எண்ணமே இல்லாமல், சோதிக்க மட்டும் வந்தவருக்கு வழக்குப் போடும் உரிமை உண்டா? உண்டு என்று 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தவறான தகவல் தரப்பட்டதே அவருக்கு நேர்ந்த பாதிப்பு என்பது தீர்ப்பின் சாரம். அப்படியானால், ஒரு கோ-வொர்க்கிங் நிறுவனம் வழக்கு வரும்வரை காத்திருக்காமல் தன் கிளைகளைத் தானே இப்படிச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாமே? போஸ்டர் அடிக்கும் செலவுகூட ஆகாது.

இந்த இடங்கள் எப்படிப் பிறந்தன என்பதையும் உங்கள் கட்டுரை தொட்டிருந்தது. 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருள் நிரலாளர் தொடங்கியது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வாடகைக்கு எடுத்த இடம், மடக்கு மேசைகள். ஆரம்பத்தில் ஒருவரும் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். திறந்து வைத்துவிட்டால் ஆள் வந்துவிடும் என்று இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பின்னால் இந்த இயக்கம் தனக்கென்று வரித்துக்கொண்ட விழுமியங்களில் ‘திறந்த மனம்’, ‘எல்லாரும் அணுகக்கூடியது’ என்ற இரண்டும் உண்டு. இன்று அதே இயக்கத்தின் வாரிசுகள் ஆள் சேர்ப்பது எப்படித் தெரியுமா? ‘உங்கள் நண்பரை அழைத்து வாருங்கள், இருவருக்கும் ஒரு மாதச் சந்தாவில் தள்ளுபடி.’ நண்பர் யாராக இருப்பார்? ஒரே கல்லூரி, ஒரே பழைய அலுவலகம், பெரும்பாலும் ஒரே நிறம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் சில வருடங்களில் ஒரு தளம் முழுக்க ஒரே மாதிரி முகங்கள்.

நஷ்டம் வெளியே நிற்பவருக்கு மட்டுமில்லை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதியது இது: நெருங்கிய நண்பர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அரைகுறை அறிமுகங்கள் மூலமாகக் கிடைத்தவர்களே அதிகம். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், தூரத்து ஆளுக்குத்தான் புதிதாக ஏதாவது தெரியும். மேசையையும் வைஃபையையும் யாரும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். இங்கே வந்து பணம் கட்டுவதே அந்த அரைகுறை அறிமுகங்களுக்காகத்தான். டீ மெஷினுக்குப் பக்கத்தில் நின்றபடி ஒப்பந்தம் பேசி முடிவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ஒரு கூட்டம் மட்டும் இல்லை என்றால், அவர்களுக்குக் கிடைக்காமல் போவது நாற்காலி அல்ல, பிழைப்பு.

நண்பர் தள்ளுபடியை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதே தள்ளுபடியை, நம் தளத்தில் யார் இல்லையோ அவர்களின் தொழில் சங்கங்களுக்கும், புலம்பெயர்ந்தோர் சங்கங்களுக்கும், சமுதாயக் கல்லூரிகளுக்கும் கொடுங்கள் என்கிறேன். உள்ளூரில் கடன் வரலாறு இல்லை என்று புதிதாக நாட்டுக்கு வந்தவர்களிடம் மட்டும் மூன்று மாத முன்பணம் கேட்கும் வழக்கத்தையும் பாருங்கள். மாதாமாதம் புதுப்பிக்கிற மேசைக்கு எதற்கு அவ்வளவு பாதுகாப்பு?

இனி கதவையே மனிதரிடமிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு எங்கள் நிர்வாகத்தில் ஓடுகிறது. முகத்தைக் காட்டினால் கதவு திறக்குமாம். கேட்டதும் எனக்கு அந்தக் கழுத்து அட்டைக்காரர்தான் ஞாபகத்துக்கு வந்தார். முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று கணிக்கும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. 2019-ல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், முகம் அறியும் 189 நிரல்களைச் சோதித்தபோது, ஒருவரை இன்னொருவர் என்று தவறாக எடுத்துக்கொள்ளும் பிழை, ஆப்பிரிக்க, ஆசிய முகங்களில் பல நிரல்களுக்கு 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. அதன்பிறகு மென்பொருள்கள் மேம்பட்டிருக்கலாம். மேம்பட்டிருந்தால் விற்க வருகிறவர் அதற்கான சோதனை முடிவைக் காட்டட்டும், பிறகு வாங்கலாம். கண்ணாடிக் கதவின் முன் திரும்பத் திரும்ப முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பவர் யாராக இருப்பார் என்பதை ஊகிக்க ஆய்வுகூடத் தேவையில்லை.

உள்ளே வந்த பிறகும் நடப்பவை உண்டு. ‘சத்தமாகப் பேசுகிறார்கள்’ என்று எனக்கு வரும் புகார்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். அதில் பாதிக்கு மேல், வேறு மொழியில் போன் பேசியவர்களைப் பற்றியது. அதே அறையில் ஆங்கிலத்தில் கத்திப் பேரம் பேசுகிறவரைப் பற்றி அபூர்வமாகத்தான் யாராவது எழுதுகிறார்கள். வீடியோ அழைப்புக்கான சின்னக் கூண்டுகளில் விளக்கைத் தலைக்கு மேல், பின்னால் போட்டிருக்கிறார்கள். வெளிர் நிறத்தவர் சமாளிக்கலாம், என் முகம் திரையில் கரிய நிழலாகத் தெரியும். முன்பக்கம் ஒரு விளக்கு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பல்பு விஷயம்தானே, ஆனால் முதலீட்டாளரிடம் பேசப் போகிறவருக்கு அது பல்பு விஷயம் இல்லை.

புகார் யாரிடம் கொடுப்பது என்பதுதான் இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல். எங்களிடம் ஒரு தளத்தில் பாதியை ஒரே நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கிறது. அதன் ஊழியர் ஒருவர் இன்னொரு மெம்பரின் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் மேலாளரிடம் சொன்னார். மேலாளர் அந்தப் பெண்ணுக்கு வேறு தளத்தில் மேசை தர முன்வந்தார். கொஞ்ச நாளில் அந்தப் பெண் சந்தாவை நிறுத்திவிட்டார். வெளியேறும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் ‘தனிப்பட்டது’ என்று எழுதினார். நிர்வாகத்தின் கணக்கில் அது தனிப்பட்ட காரணமாகவே இருக்கிறது. புகாரை வாடகை வசூலிக்கிறவரிடமே கொடுக்கச் சொன்னால் இப்படித்தான் முடியும். கிளைக்கு வெளியே ஒருவர் கேட்க வேண்டும், இடம் மாற வேண்டியவர் யார் என்பதில் தெளிவு வேண்டும், வெளியேறுகிறவர்களிடம் வெளியாள் ஒருவர் பேச வேண்டும்.

பெண்களுக்கென்றே 2016-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘தி விங்’ என்ற கோ-வொர்க்கிங் நிறுவனம் நினைவிருக்கலாம். சமத்துவம்தான் அதன் விளம்பரமே. வெள்ளையரல்லாத ஊழியர்களை நடத்திய விதம் பற்றி அதன் ஊழியர்களே பேச ஆரம்பித்ததும், 2020 ஜூனில் அதன் தலைமைச் செயல் அதிகாரி பதவி விலகினார். 2022-ல் மொத்தமாக மூடிவிட்டார்கள், அதற்குக் கொரோனா உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. எங்கள் நிறுவனமும் ஆண்டறிக்கையில் ‘எங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் வெள்ளையரல்லாதவர்’ என்று பெருமையாகப் போட்டது. அந்தப் பெரும்பாலோர் துப்புரவு, காவல், ரிசப்ஷன். கிளை மேலாளர்களின் கூட்டத்தில் எடுத்த குழுப் படத்தை யாரும் அறிக்கையில் போடவில்லை.

இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் சிலர் தங்களுக்கென்று தனி இடம் அமைத்துக்கொள்கிறார்கள். அட்லாண்டாவில் ரையன் வில்சன் 2016-ல் தொடங்கிய ‘தி கேதரிங் ஸ்பாட்’ அப்படிக் கருப்பினத் தொழில்முனைவோரை மையமாக வைத்து வளர்ந்தது. இதைப் பிரிவினை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கழுத்தில் அட்டை மாட்டாமல் டீ குடிக்க ஓர் இடம் வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், பதில் சொல்ல வேண்டியது அவரா, அவரை அப்படி நினைக்க வைத்த மற்ற இடங்களா?

கடைசியாக நம்மவர்களைப் பற்றி. இதை எழுதாவிட்டால் கடிதம் பாதிப் பொய். அட்டையைக் காட்டச் சொன்னதற்காக என்னிடம் கொதித்துப் பேசிய ஒரு தமிழர் இருக்கிறார், ஆறு பேர் அறை எடுத்திருப்பவர். அவர் கோபம் நியாயம். சில மாதம் கழித்துப் பக்கத்து அறை காலியானபோது, அதே மனிதர் வந்து குரலைத் தாழ்த்தி, “அந்த ரூமை ஆப்பிரிக்காக்காரங்களுக்குக் கொடுத்துடாதம்மா, கிளையன்ட் வர்ற இடம்” என்றார். நான் வரிசைப் பட்டியலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். முதலில் இருந்தவருக்குத்தான் அறை போனது, அவர் கானாவிலிருந்து வந்த கணக்காளர். நம் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் எந்தக் கிளைக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று பேசிக்கொள்ளும் காரணங்களைப் படித்தால் தெரியும், நாம் கேள்வி கேட்கப்படும் இடத்தில் மட்டும்தான் நிறவெறியைப் பார்க்கிறோம்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டிப் போட்டாலும் வருத்தமில்லை. ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் நிருபர் இப்படி ஓர் இடத்தைப் பற்றி எழுதப் போனால், நிறுவனரின் பேட்டியோடு திரும்பிவிட வேண்டாம். கடந்த ஆண்டு சந்தாவை நிறுத்தியவர்கள் யார், அவர்களிடம் யார் பேசினார்கள், விருந்தினர் பதிவேட்டில் பெயர் பதியாமல் உள்ளே போகிறவர்கள் யார் என்று கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் மாலை ஏழு மணிக்கு மேல் போகச் சொல்லுங்கள். அப்போது துப்புரவுப் பணிக்கு வரும் பெண்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அந்த சோபாவில் உட்கார அனுமதி உண்டா என்றும் கேட்கலாம். எங்கள் கிளையில் இல்லை.

இப்படிக்கு,
ரிசப்ஷன் மேசையிலிருந்து ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம்)